நிஜக் கோட்டை, நிஜ நெருப்பு, 8 கோடி டாலர் பட்ஜெட்... அப்புறமும் ‘டைம்லைன்’ ஏன் சறுக்கியது? நாவலில் இருந்தது என்ன, படத்தில் தொலைந்தது என்ன?

‘ஃபாஸ்ட் அண்ட் ஃப்யூரியஸ்’ பால் வாக்கர். ‘300’ ஜெரார்ட் பட்லர். இந்த ரெண்டு பேரும் ஒரே படத்தில் நடித்திருக்கிறார்கள். மூலக்கதை ‘ஜுராசிக் பார்க்’ எழுதிய மைக்கேல் கிரைட்டனுடையது. இயக்கியவர் 1978-ல் ‘சூப்பர்மேன்’ படத்தைக் கொடுத்த ரிச்சர்ட் டோனர். கதையில் டைம் டிராவல் இருக்கிறது, கோட்டை முற்றுகை இருக்கிறது, வாள் சண்டை இருக்கிறது, காதலும் இருக்கிறது.

இவ்வளவும் இருந்தும் இப்படி ஒரு படம் வந்ததே பலருக்கு ஞாபகம் இல்லை. படத்தின் பெயர் ‘டைம்லைன்’. 2003 நவம்பர் 26 அன்று அமெரிக்காவில் வெளியானது. செலவு சுமார் 8 கோடி டாலர். உலகம் முழுக்க வசூல் சுமார் 4.4 கோடி டாலர். அமெரிக்காவில் மட்டும் பார்த்தால் 2 கோடி டாலரைக்கூடத் தொடவில்லை.

நாவலோ 1999-ல் வெளியாகி பெஸ்ட்செல்லர் ஆன புத்தகம். அதை வைத்து 2000-ல் ஒரு கம்ப்யூட்டர் கேம்கூட வந்துவிட்டது. அப்படியிருக்க படம் மட்டும் எங்கே வழுக்கியது? வழக்கமாகச் சொல்லப்படும் பதில், ‘திரைக்கதை சொதப்பல்’ என்பதுதான். அது பொய் இல்லை. ஆனால் எந்த இடத்தில் சொதப்பியது என்று பார்த்தால் விஷயம் இன்னும் சுவாரஸ்யமாக இருக்கும்.

கதை என்ன?

முதலில் நாவல். தெற்கு பிரான்ஸில் டோர்டோன் ஆற்றங்கரை. அங்கே ஒரு பழைய கோட்டை, ஒரு மடாலயம், ஒரு சிற்றூர். எல்லாம் இடிந்து கிடக்கிற இடத்தில் பேராசிரியர் ஜான்ஸ்டனும் அவருடைய மாணவர்களும் அகழாய்வு செய்துகொண்டிருக்கிறார்கள். பணம் கொடுப்பது ஐ.டி.சி. என்ற அமெரிக்கத் தொழில்நுட்ப நிறுவனம். நிறுவனத் தலைவர் ராபர்ட் டோனிகர்.

ஒருநாள் பல நூற்றாண்டுகளாக யாரும் நுழையாத அறைக்குள் ஒரு மூக்குக் கண்ணாடி லென்ஸ் கிடைக்கிறது. இந்தக் காலத்து லென்ஸ். கூடவே பேராசிரியரின் கையெழுத்தில் உதவி கேட்டு ஒரு குறிப்பு. அதில் போட்டிருக்கும் வருஷம் 1357. காகிதத்தையும் மையையும் சோதித்தால் இரண்டுமே 600 வருஷப் பழசு. பேராசிரியரோ சில நாட்களுக்கு முன்புதான் டோனிகரைப் பார்க்கக் கிளம்பிப் போயிருந்தார்.

அவரை மீட்டுவர கிறிஸ், கேட், மாரெக் என்ற மூன்று பேர் 1357-க்குப் போகிறார்கள். போய்ச் சேர்ந்த சில நிமிடங்களிலேயே உடன் வந்த பாதுகாவலர்கள் கொல்லப்படுகிறார்கள். நவீன ஆயுதம் எதுவும் கொண்டுபோகக் கூடாது என்ற விதியை மீறி அவர்களில் ஒருவர் கொண்டுபோயிருந்த கையெறி குண்டு, இயந்திரம் திரும்பி வந்த நொடியில் இங்கே ஆய்வகத்தில் வெடிக்கிறது. அங்கே போனவர்கள் அங்கேயே மாட்டிக்கொள்கிறார்கள்.

இந்த எலும்புக்கூடு படத்திலும் அப்படியே இருக்கிறது. மாறியது அதன்மேல் இருந்த சதை.

1357-ஐ ஏன் தேர்ந்தெடுத்தார் கிரைட்டன்?

அந்த வருஷத்தைச் சும்மா போகிற போக்கில் அவர் எடுக்கவில்லை. இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் நடந்த ‘நூறாண்டுப் போர்’ 1337-ல் தொடங்கி 1453 வரை இழுத்தது. 1356 செப்டம்பரில் புவாத்தியே என்ற இடத்தில் நடந்த சண்டையில் பிரெஞ்சு மன்னர் இரண்டாம் ஜானே ஆங்கிலேயர் கையில் சிக்கிவிட்டார். மன்னர் சிறையில். நாட்டில் கேட்க ஆள் இல்லை. சம்பளம் கிடைக்காத கூலிப்படை வீரர்கள் கூட்டம் கூட்டமாகச் சேர்ந்து ஊர் ஊராகக் கொள்ளை அடிக்கத் தொடங்கிய நேரம் அது. எட்டு, ஒன்பது வருஷத்துக்கு முன்புதான் பிளேக் வந்து ஊர்களைக் காலி செய்துவிட்டுப் போயிருந்தது.

டோர்டோன் ஆறு ஓடும் பகுதி ரெண்டு தரப்புக்கும் எல்லைக்கோடு மாதிரி. இன்றைக்கும் அங்கே பேனாக், காஸ்டல்னோ என்று இரண்டு கோட்டைகள் ஆற்றின் இரு கரையிலும் எதிரும் புதிருமாக நிற்கின்றன. நாவலில் வரும் காஸ்டல்கார்ட், லா ரோக் இரண்டும் கற்பனைக் கோட்டைகள்தான். ஆனால் அந்த மண் நிஜம்.

நாவலின் ஆர்னோ டி செர்வோல் என்ற பாத்திரமும் நிஜ மனிதர்தான். ‘தலைமைப் பாதிரி’ என்ற பட்டப்பெயரோடு கூலிப்படை நடத்தியவர். 1357-ல் புரோவென்ஸ் பகுதியைக் கலங்கடித்தவர். அதாவது அன்றைய பிரான்ஸில் ‘நம்ம ஆள், எதிரி ஆள்’ என்ற கோடே அழிந்து போயிருந்ததற்கு ஒரு நடமாடும் சாட்சி.

படத்தில் இந்த ஆர்னோ என்ன ஆனார் தெரியுமா? நாட்டுக்காகப் போராடும் பிரெஞ்சுப் பிரபு. கதாநாயகி கிளேரின் அண்ணன். ஆங்கிலேயர் கெட்டவர்கள், பிரெஞ்சுக்காரர்கள் நல்லவர்கள் என்று கதை இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. இரண்டு மணி நேரப் படத்தில் யார் யாரை வெட்டுகிறார்கள் என்று பார்வையாளருக்குப் புரிய வேண்டும், அதற்காகச் செய்திருப்பார்கள். செய்ததில் 1357-ன் குழப்பம் காணாமல் போய்விட்டது. அந்தக் குழப்பம்தான் 1357.

காதுக்குள் இருந்த கருவி

நாவலில் மிக அழகான ஒரு விஷயம், மொழி. 14-ம் நூற்றாண்டு டோர்டோனில் பொதுமக்கள் பேசியது ஆக்ஸிதன். இது இன்றைய பிரெஞ்சு கிடையாது. ஆங்கில வீரர்கள் பேசிய ஆங்கிலமும் இன்றைய ஆங்கிலம் கிடையாது. மடாலயத்தில் லத்தீன். அமெரிக்காவில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கும் பையன் அங்கே போய் நின்றால் வாயைத் திறக்கவே முடியாது.

கிரைட்டன் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். காதுக்குள் ஒரு சின்ன மொழிபெயர்ப்புக் கருவி. எதிரே இருப்பவர் பேசுவது புரியும். ஆனால் பதில் சொல்ல அது உதவாது. புரிகிறது, பேச வரவில்லை. வெளிமாநிலத்துக்கு வேலைக்குப் போனவர்களுக்கு முதல் மாசத்தில் இருக்கும் நிலைமை இது. கிறிஸ் தப்பான நேரத்தில் தப்பான வார்த்தையைச் சொல்லி, தப்பான சைகையைச் செய்து, தான் என்ன செய்தோம் என்று தெரியாமலேயே ஒரு வீரனின் சவாலை ஏற்றுக்கொண்டு விடுகிறான். குதிரைமேல் ஈட்டிப் போட்டி! அவனுக்கு ஒழுங்காகக் குதிரை ஓட்டவே வராது.

படத்தில் காதுக் கருவி இல்லை. ஈட்டிப் போட்டியும் இல்லை. 1357-ன் ஆங்கிலப் பிரபு இன்றைய ஆங்கிலம் பேசுகிறார், பிரெஞ்சுக்காரர்கள் இன்றைய பிரெஞ்சு பேசுகிறார்கள். இதற்காகவே பிரெஞ்சு தெரிந்த பிரான்சுவா என்ற மாணவரைக் குழுவில் சேர்த்திருக்கிறார்கள். ஒரே ஒரு காட்சியில் இந்த மாற்றம் பலன் கொடுக்கிறது. மைக்கேல் ஷீன் நடித்த ஆலிவர் பிரபு, ‘நான் ஒற்றன்’ என்ற பொருள் வரும் பிரெஞ்சு வாக்கியத்தை ஆங்கிலத்தில் சொல்லச் சொல்லி அந்த மாணவரை வற்புறுத்துகிறார். பயந்துபோய் அவர் சொன்ன அடுத்த நொடி கத்தி பாய்கிறது. படத்தில் மொழி ஒரு உயிரைப் பறிக்கும் இடம் இது ஒன்றுதான். அதற்கப்புறம் மொழி என்ற பிரச்சினையையே படம் மறந்துவிடுகிறது.

‘சினிமாவில் இதெல்லாம் காட்ட முடியாதுங்க’ என்று சொல்லலாம். ஆனால் கிரைட்டனின் இன்னொரு நாவலில் இருந்து வந்த ‘தி 13த் வாரியர்’ படம் அதைச் செய்து காட்டியது. ‘டைம்லைன்’ நாவல் வெளியான அதே 1999-ல் வந்த படம் அது. அன்டோனியோ பண்டேராஸ் நடித்த அரபுப் பயணி, வடக்கத்திய வீரர்களோடு இரவுதோறும் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து அவர்கள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். முதலில் எதுவும் புரியாது. அப்புறம் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒரு ஆங்கில வார்த்தை கேட்கும். கடைசியில் மொத்தப் பேச்சும் ஆங்கிலமாகிவிடும். சில நிமிடங்கள்தான். அந்தப் படமும் வசூலில் தோற்றது என்பது வேறு கதை. ஆனால் அந்தக் காட்சியைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

டைம் மெஷினா, ஃபேக்ஸ் மெஷினா?

இப்போது கொஞ்சம் அறிவியல்.

நாவலில் ஐ.டி.சி. வைத்திருப்பதைச் சரியாகச் சொன்னால் டைம் மெஷின் என்று சொல்ல முடியாது. நம் உலகத்தைப் போலவே எண்ணற்ற உலகங்கள் இணையாக இருக்கின்றன, அவற்றில் ஒன்றில் இப்போது 1357 நடந்துகொண்டிருக்கிறது, அங்கே உங்களை அனுப்புகிறோம் என்பதுதான் அவர்கள் விளக்கம். ஃபேக்ஸ் அனுப்புவது மாதிரி உடலைத் தகவலாக மாற்றி அனுப்பி, அங்கே மறுபடி உருவாக்குவார்கள். இதில் ஒரு ஆபத்து. ஒவ்வொரு முறை போய்வரும்போதும் நகல் கொஞ்சம் பிசகும். ரத்தக்குழாய் ஒரு மயிரிழை தள்ளிப் பொருந்தும். அதிகம் போய்வந்தவர்களுக்கு மூளையே பாதிக்கும். நாவலின் முக்கிய வில்லன்களில் ஒருவர் இப்படிக் கெட்டுப்போனவர்தான்.

சரி, அங்கே போய் வரலாற்றை மாற்றினால்? நாவலில் இதற்குச் சொல்லப்படும் பதில் ரொம்ப எளிமையானது. ஒரு பேஸ்பால் ஆட்டம் பார்க்கப் போகிறீர்கள். கூட்டத்தில் நீங்கள் ஒரு ஆள். ஆட்டத்தின் முடிவை உங்களால் மாற்ற முடியுமா? தனி ஆள் ஒருவரால் வரலாற்றைத் திருப்பிப்போடுவது அவ்வளவு சுலபம் இல்லை என்கிறது நாவல். அதோடு அந்த விவாதத்தை மூடிவிட்டு, உயிர் பிழைக்கிற கதைக்குள் போய்விடுகிறது.

படம் இந்த மூடிய கதவைத் திறந்துவிட்டது. இணை உலகம் எல்லாம் வேண்டாம் என்று, பொருட்களை அனுப்ப முயன்றபோது தற்செயலாக 1357-க்கு ஒரு துளை திறந்துகொண்டது என்று எளிமையாக்கிவிட்டார்கள். அதாவது போவது நம்முடைய சொந்தக் கடந்த காலத்துக்கே. அப்படியானால் அங்கே செய்வது எல்லாம் இங்கே எதிரொலிக்க வேண்டும். படமும் அதைத்தான் பரபரப்பாக்குகிறது. லா ரோக் முற்றுகையில் கிளேர் கொல்லப்பட்டதால்தான் பிரெஞ்சுப் படை கொதித்தெழுந்து வென்றது என்பது படத்தில் சொல்லப்படும் வரலாறு. மாரெக் அவளைக் காப்பாற்றிவிடுகிறார். ஐயோ, வரலாறு மாறிவிட்டதே!

இங்கேதான் படம் தன் காலில் தானே கோடாலி போட்டுக்கொள்கிறது. படத்தின் தொடக்கத்திலேயே அகழாய்வில் ஒரு கல்லறைச் சிற்பம் காட்டப்படுகிறது. ஒரு வீரனும் ஒரு பெண்ணும் கைகோத்துப் படுத்திருக்கிறார்கள். வீரனுக்கு ஒரு காது இல்லை. 1357-ல் நடக்கும் சண்டையில் மாரெக்கின் காது வெட்டப்படும்போது பார்வையாளருக்குப் பொறி தட்டுகிறது. அது மாரெக்கின் கல்லறை. பக்கத்தில் கிளேர்.

அருமையான யோசனைதான். நாவலை விடப் படம் மேலே நிற்கும் ஒரே இடம் இதுவாகத்தான் இருக்கும். ஆனால் கேள்வி கேட்டுப் பாருங்கள். மாரெக் கிளேரைக் காப்பாற்றி, அவளோடு வாழ்ந்து, அவளோடு கல்லறையில் படுத்தது ஏற்கெனவே நடந்து முடிந்தது என்றால், கிளேர் முற்றுகையில் இறந்தாள் என்ற ‘பழைய வரலாறு’ எங்கிருந்து வந்தது? கல்லறை ஒரு விதியைச் சொல்கிறது, கதை வேறொரு விதியைச் சொல்கிறது. டைம் டிராவல் படத்துக்கு எந்த விதி வேண்டுமானாலும் இருக்கலாம், ரசிகர் ஏற்றுக்கொள்வார். ரெண்டு விதி மட்டும் இருக்கக் கூடாது.

37 மணி நேரம் 6 மணி நேரமானது

நாவலில் திரும்பி வருவதற்கான கெடு 37 மணி நேரம். அத்தியாயம் அத்தியாயமாக அந்த நேரம் குறைந்துகொண்டே வரும். 37 மணி நேரம் என்றால் ஒரு இரவு தூங்க வேண்டும், பசிக்கும், எங்கேயாவது சாப்பிட வேண்டும். அந்த உலகத்தின் ருசியும் நாற்றமும் கதைக்குள் வர இடம் கிடைக்கும். படத்தில் கெடு 6 மணி நேரம். ஓடிக்கொண்டே இருக்கிறார்கள். பரபரப்பு கூடியது, ஆனால் 1357 ஓடும் வண்டியின் ஜன்னலில் தெரிகிற ஊர் மாதிரி ஆகிவிட்டது.

பாத்திரங்களிலும் இதே கதைதான். நாவலில் பேராசிரியரைத் தேடிப் போகிறவர்கள் வெறும் மாணவர்கள். படத்தில் கிறிஸ் அவருடைய மகன். அப்பா சென்டிமென்ட் ஹாலிவுட்டுக்கும் தேவைப்படுகிறது! ஆனால் அந்த மகனுக்கு வரலாற்றில் ஆர்வமே இல்லை. பால் வாக்கருக்கு அங்கே செய்ய வேலையும் குறைவு.

கதையின் உயிர் மாரெக்தான். 14-ம் நூற்றாண்டின் மொழிகளைக் கற்று, வாள் வீசி, வில் எய்து, தன் காலத்தில் பொருந்தாமல் வாழ்ந்த ஆள். கடைசியில் இயந்திரம் தயாராக நிற்கும்போது ‘நான் வரவில்லை’ என்று 1357-லேயே தங்கிவிடுகிறார். இந்தக் கதையில் யாரும் எடுக்காத பெரிய முடிவு இது. மருத்துவம் இல்லை, சட்டம் இல்லை, அடுத்த வருஷம் உயிரோடு இருப்போமா தெரியாது. ஆனாலும் தங்குகிறார். அப்போது பெரிய நட்சத்திரமாக ஆகியிராத ஜெரார்ட் பட்லர் அதை நம்பும்படி செய்திருக்கிறார். போஸ்டரில் முதலில் வருவதோ பால் வாக்கர் பெயர்.

டோனிகர் என்ற நிறுவனத் தலைவருக்கும் இதே கதிதான். நாவலில் அவருக்கு ஒரு கணக்கு இருக்கிறது. மக்கள் போலிகளைப் பார்த்துச் சலித்துவிட்டார்கள், இனி நிஜமான கடந்த காலத்தைத்தான் காசு கொடுத்துப் பார்க்க வருவார்கள், அதை நாம் விற்கலாம் என்ற கணக்கு. ‘ஜுராசிக் பார்க்’கில் டைனோசரை வைத்துச் சொன்னதைக் கிரைட்டன் இங்கே வரலாற்றை வைத்துச் சொன்னார். அதனால்தான் நாவலின் முடிவில் டோனிகருக்குக் கிடைக்கும் தண்டனை அவ்வளவு பொருத்தமாக இருக்கிறது. அவரை 1348-க்கு அனுப்பிவிடுகிறார்கள். பிளேக் பரவும் வருஷம். நிஜமான கடந்த காலம் வேண்டும் என்றீர்களே, இந்தாருங்கள்! படத்தில் அவர் 1357-ல் போய் விழுந்த உடனே ஒரு வீரனின் வாளுக்கு இரையாகிறார். முடிந்தது.

73 வயது இயக்குநரின் பிடிவாதம்

இவ்வளவு குறை சொன்ன பிறகு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் அது நியாயம் இல்லை.

படம் வந்தபோது ரிச்சர்ட் டோனருக்கு 73 வயது. ‘தி ஓமன்’, ‘லீத்தல் வெப்பன்’ வரிசை எல்லாம் கொடுத்தவர். 1985-லேயே ‘லேடிஹாக்’ என்ற இடைக்காலக் காதல் கதையை எடுத்த அனுபவமும் உண்டு. ‘டைம்லைன்’ எடுத்த நேரத்தில் பெரிய போர்க் காட்சி என்றாலே கம்ப்யூட்டர்தான் என்று ஆகிவிட்டிருந்தது. 2002 டிசம்பரில் வந்த ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ இரண்டாம் பாகத்தில் ஆயிரக்கணக்கான வீரர்கள் கோட்டையை மொய்ப்பதை உலகம் பார்த்திருந்தது.

டோனர் கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸை முடிந்தவரை ஒதுக்கினார். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் கோட்டை செட் போட்டார். நிஜமாகவே வேலை செய்யும் ராட்சதக் கவண் பொறிகளைச் செய்து நெருப்புப் பந்துகளை வீச வைத்தார். இரவு முற்றுகைக் காட்சியில் முதலில் எரியும் அம்புகள் பாயும், அடுத்து நெருப்பே இல்லாத அம்புகள் இருட்டோடு இருட்டாக வந்து இறங்கும். கண்ணுக்குத் தெரிந்ததைப் பார்த்துக் கேடயம் தூக்கியவன், தெரியாததில் சாகிறான். படத்தின் சிறந்த சில நிமிடங்கள் இவை.

ஆனால் ‘டைம்லைன்’ வெளியாகி மூன்றே வாரத்தில், டிசம்பர் 17 அன்று, ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ மூன்றாம் பாகம் வந்துவிட்டது. அதற்கு முன்பு நிஜ மரமும் நிஜக் கயிறும் சின்னதாகத் தெரிந்தன.

இதில் இன்னொரு வருத்தமான கதை உண்டு. இந்தப் படத்துக்கு முதலில் இசையமைத்தவர் ஜெர்ரி கோல்ட்ஸ்மித். டோனரின் ‘தி ஓமன்’ படத்துக்கு இசையமைத்து, வாழ்நாளில் தன் ஒரே ஆஸ்கரை வாங்கியவர். பல வருஷம் கழித்து மறுபடி சேர்ந்தார்கள். அவர் இசையை முடித்துக் கொடுத்தார். அதன் பிறகு படம் திரும்பத் திரும்ப வெட்டி ஒட்டப்பட்டது, ரிலீஸ் தேதியும் தள்ளிப்போனது. பழைய காட்சிகளுக்கு எழுதிய இசை புதிய காட்சிகளுக்குப் பொருந்தவில்லை. கடைசியில் அது மொத்தமாக நீக்கப்பட்டு, பிரையன் டைலர் என்ற இளம் இசையமைப்பாளர் புதிதாக இசையமைத்தார். பின்னாளில் ‘ஃபாஸ்ட் அண்ட் ஃப்யூரியஸ்’ படங்களுக்கு இசையமைத்த அதே டைலர்தான்.

காலத்தின் விளையாட்டைப் பாருங்கள். ‘தி 13த் வாரியர்’ படத்தில் வேறொருவரின் இசை நீக்கப்பட்டு அந்த இடத்தில் வந்தவர் இதே கோல்ட்ஸ்மித். 2004 ஜூலையில், 75 வயதில் அவர் இறந்துபோனார். அவரது ‘டைம்லைன்’ இசை அதே வருஷம் தனி ஆல்பமாக வெளிவந்தது.

கிரைட்டன் 2008-ல் இறந்தார். பால் வாக்கர் 2013-ல். டோனர் ‘டைம்லைன்’ படத்துக்குப் பிறகு ‘16 பிளாக்ஸ்’ என்ற ஒரே ஒரு படம்தான் எடுத்தார். 2021 ஜூலையில் அவரும் போய்விட்டார். பாதியில் அவர் கையை விட்டுப்போன ‘சூப்பர்மேன் 2’ படத்துக்கு 2006-ல் ‘டோனர் கட்’ என்றே தனிப் பதிப்பு வந்தது. ‘டைம்லைன்’ படத்துக்கு அப்படி எதுவும் வரவில்லை. கோல்ட்ஸ்மித்தின் இசையை இன்றைக்கும் கேட்கலாம். அது எந்தக் காட்சிகளுக்காக எழுதப்பட்டதோ, அந்தக் காட்சிகளோடு சேர்த்துப் பார்க்கத்தான் வழியில்லை.